மூன்றாம் நாள் சட்டி

பொங்கல் கழிந்து மூன்று நாட்களாகின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து எழுதக்கூடிய நிலையில் இன்னும் நான் இல்லை. சாய்வு நாற்காலியில் பாதி படுத்த வாக்கில், பக்கத்தில் பெருங்காயம் கரைத்த மோரை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், இடிசாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல், சேனை வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய், மொச்சை, இஞ்சிப் பச்சடி, பாயசம் என்று இலையில் விழுந்த அனைத்துக்கும் நியாயம் செய்தாயிற்று. நியாயம் செய்தவனுக்கு யார் நியாயம் செய்வார்கள் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

தமிழனுக்கு மிகையுணவு புதியதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில் கரிகாலனின் அரண்மனைக்குப் போன பொருநன் தன் விருந்தனுபவத்தைச் சொல்கிறான். ஆட்டிறைச்சியை வேகவைத்தும், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்டும் கொடுக்கிறார்கள். சூடு பொறுக்காமல் வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி மாற்றித் தின்கிறான். போதும் என்றால் பணியாரம் வருகிறது. இன்னொரு நாள் முல்லைமொட்டுப் போன்ற சோறும் பொரிக்கறியும் தொண்டை வரை. கடைசியில் இரவும் பகலும் தின்று தின்று, கொல்லையை உழுத கலப்பையின் கொழுப்போலத் தன் பல் மழுங்கிவிட்டது என்கிறான். மூச்சுவிட இடமில்லாமல் உணவின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டதாம். ஊருக்குப் போகிறேன் என்று அரசனிடம் விடை கேட்க அதுவும் ஒரு காரணம். அரசனின் கொடையைப் பாட வந்த புலவர் முடத்தாமக்கண்ணியார் அதைப் பாடுவதற்கு, தின்று களைத்தவனின் மழுங்கிய பல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் பாருங்கள். இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பொங்கலன்று மாலை மூன்று மணிக்கு அந்தப் பொருநனைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் எவரும் எனக்குத் தேவைப்படவில்லை.

எச்சரிக்கைகளுக்கும் நம்மிடம் குறைவில்லை. திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம். அந்தப் பத்தில் ஆறு குறள்கள் சாப்பாட்டைப் பற்றியவை. மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. முன்னே உண்டது செரித்ததா என்று பார், பசித்தபின் உண், அளவறிந்து உண் என்று திரும்பத் திரும்ப ஒரே பேச்சு. ஒரு விஷயத்தை ஆறு முறை சொல்லவேண்டியிருந்தது என்றால் கேட்பவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்திருக்க வேண்டும்!

ஆனால் பண்டிகை நாளில் அளவுமீறித் தின்பவன் பேராசைக்காரன் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். இலையின் முன் உட்கார்ந்தவன் அங்கே தனியாள் அல்லன். எங்கள் ஆச்சி பரிமாறும்போது நான் பார்த்திருக்கிறேன். அகப்பையை இலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவள் கேள்வி கேட்பதில்லை. குற்றம் சாட்டுவாள். “என்னல, கோழி கொத்துத மாதிரி கொத்துத? நல்லால்லையோ?” இதற்கு என்ன பதில் சொல்வது? நன்றாயிருக்கிறது என்றால் இன்னொரு கரண்டி. நன்றாயில்லை என்று சொல்ல எவனுக்குத் தைரியம்? இரண்டு கைகளையும் இலைக்கு மேல் கூரைபோல் கவித்துக்கொண்டாலும் விரல்களின் இடுக்கு வழியாகச் சாம்பாரை ஊற்றக்கூடிய கை அது. வயிறு நிறைந்துவிட்டது என்பதை எங்கள் வீட்டில் ஒரு செய்தியாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அது ஒரு பேரத்தின் தொடக்கம்.

போதாததற்கு விருந்துச் சமையலின் அமைப்பே நம்மைத் தோற்கடிப்பதற்கென்று வகுக்கப்பட்டது. ஒரே பண்டத்தைத் தின்றால் அந்தச் சுவை சீக்கிரம் சலித்துவிடும். ஆனால் அந்தச் சலிப்பு அந்தச் சுவைக்கு மட்டுமே உரியது. புளிப்பில் ஓய்ந்தவனை இனிப்பு எழுப்பும். இனிப்பில் ஓய்ந்தவனைப் பச்சடியின் உறைப்பு எழுப்பும். மூச்சு முட்டுகிறது என்று எழுந்திருக்கப்போனவன் பாயசம் என்ற குரல் கேட்டதும் மறுபடி சம்மணமிட்டு உட்காருவது இதனால்தான். 1957இல் வந்த மாயாபஜாரில் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கசனாக வந்து கல்யாணவீட்டுப் பண்டங்களையெல்லாம் ஒற்றை ஆளாக உள்ளே தள்ளுவாரே, அந்தக் காட்சியை ஒவ்வொரு தலைமுறையும் சிரித்துக்கொண்டே பார்க்கிறது. எனக்கு அதில் பொறாமைக்குரியதாகப் படுவது வேறொன்று: அவர் எழுந்திருக்கும்போது பாத்திரங்கள் காலி. அந்த வீட்டில் மறுநாள் மிச்சம் என்ற பிரச்சினையே இல்லை.

நம் வீடுகளில் உண்டு. நான் எழுத வந்த விஷயமே அதுதான். விருந்தைப் பற்றி நம்மிடம் இலக்கியம் இருக்கிறது, சினிமா இருக்கிறது, பத்திரிகைகளின் பண்டிகை மலர்கள் இருக்கின்றன. விருந்துக்கு மறுநாளைப் பற்றி அவ்வளவாக இல்லை.

திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் எதைச் சொல்லவருகிறேன் என்பது இதற்குள் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொங்கலன்று மிஞ்சிய சாம்பார், அவியல், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி, மெல்லிய தீயில் வைத்துச் சுண்டவிடுவது சுண்டக்கறி. பழங்கறி என்றும் சொல்வார்கள். புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, தாளிதம் இல்லை. தயிரும் தேங்காயும் சேர்ந்த அவியல்தான் முதலில் கெடக்கூடியது என்பதால் ஆச்சி அன்று சாயங்காலமே அதைச் சட்டியில் சேர்த்துக் கொதிக்கவிட்டுவிடுவாள். பிறகு காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கொதி. ஒவ்வொரு கொதிக்கும் சட்டி இரண்டு விரற்கடை இறங்கும். இரண்டாம் நாள் சேனைக்கும் வாழைக்காய்க்கும் வேறுபாடு தெரியும். மூன்றாம் நாள் தெரியாது. கறுஞ்சிவப்பில், எண்ணெய் ஓரம் கக்கி, கரண்டியை நட்டால் நிற்கிற பதத்தில் ஒன்று இருக்கும். அதைப் பழைய சோற்றுக்கு வைத்துக்கொண்டு தின்றவனிடம் போய்ப் பொங்கலன்று செய்த சாம்பாரின் பெருமையைப் பேசாதீர்கள்.

அது ஏன் அவ்வளவு ருசிக்கிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. சமைத்த அன்று உப்பும் புளியும் குழம்பில் இருக்கின்றன, காயின் நடுவில் இல்லை. அங்கே போய்ச்சேர அவற்றுக்கு நேரம் வேண்டும். மசாலாவின் வாசனைப் பொருள்களில் பல எண்ணெயில் கரைபவை. அவை மெதுவாகவே எண்ணெயில் இறங்கிப் பரவுகின்றன. நீர் வற்ற வற்ற எல்லாமே செறிகின்றன. புளியின் அமிலமும் இருவேளைக் கொதியும் கெட்டுப்போகாமல் காக்கின்றன. (சோற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியில் மணிக்கணக்காகக் கிடந்த சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நீரூற்றிப் புளிக்கவைத்த பழையது வேறு சங்கதி. நேற்றைய வெண்பொங்கலை அடுப்பு மேடையிலேயே விட்டுவைத்து இன்று நெய்விட்டுப் புரட்டித் தின்பவர்கள் என் நண்பர்களில் இருப்பதால் இந்த இடைச்செருகல்.)

இவ்வளவு தூரம் எழுதி இங்கேயே நிறுத்தியிருந்தால் இது வழக்கமான ஒரு கட்டுரையாக முடிந்திருக்கும். ஊர், ஆச்சி, மண்சட்டி, இழந்த ருசி. இவ்வகைக் கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன், வாசகர்கள் தங்கள் ஆச்சிகளைப் பற்றிக் கடிதம் எழுதினார்கள், எல்லோருக்கும் நாவூறிற்று. ஆனால் இந்தப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவத்துக்குப் பிறகு அப்படி நிறுத்த முடியவில்லை.

இப்போது நாங்கள் இருப்பது சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பில். எண்பது கடந்த அம்மா எங்களோடு இருக்கிறாள். ஐந்து பேர் வீட்டுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சமைத்திருந்தோம். பண்டிகையன்று அளந்து சமைப்பது தரித்திரம் என்பது அம்மாவின் கட்சி. மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தால் உள்ளே கை நுழைய இடமில்லை. பாத்திரம் தேய்க்க வரும் பெண்மணியிடம் நான் மிகுந்த தாராளத்துடன், “சர்க்கரைப் பொங்கலும் அவியலும் நிறைய இருக்கு, எடுத்துட்டுப் போங்கம்மா” என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“வேணாம் சார். எங்க வூட்லயும் நேத்து பொங்கல்தான். எங்களுதே மீந்து கெடக்குது.”

நானும் சிரித்துவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, கோபமில்லாமல், ஏதோ கணக்குச் சொல்வதுபோல் இன்னொன்றும் சொன்னார்: “நேத்து பாத்திரம் தேய்க்க வந்தேனே சார், அப்ப சூடா ஒரு கரண்டி குடுத்திருந்தா வாங்கினு போயிருப்பேன்.”

முந்தின நாள் காலை அவர் வந்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பண்டிகை நாளில் எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துவிட்டுத் தன் வீட்டுப் பொங்கலை வைக்கப் போயிருக்கிறார். பானை பொங்கிக்கொண்டிருந்தது. படைக்கவில்லை, நாங்கள் சாப்பிடவில்லை, ஆகவே கொடுக்கவில்லை. மறுநாள் எங்கள் வயிறு கொள்ளாதபோது, ஃப்ரிட்ஜும் கொள்ளாதபோது, அவர் நினைவுக்கு வந்தார்.

அன்று முழுவதும் என் நினைவு ஊர் வீட்டின் புறவாசலிலேயே நின்றது. சுண்டக்கறிச் சட்டியைப் பற்றி இத்தனை எழுதிய நான், அந்தச் சட்டியிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட பங்கைப் பற்றி எங்கும் எழுதியதில்லை. தொழுவத்தில் சாணி அள்ளிய பெண், வயலில் வேலை செய்தவர், துணி வெளுத்தவர் ஆகியோர் மறுநாள் புறவாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் கொண்டுவந்த பாத்திரத்தில், கை படாமல், உயரத்திலிருந்து ஊற்றப்படும். முன்வாசலில் அவர்களுக்கு இலை போட்டு நான் பார்த்ததில்லை. அது தர்மம் என்று எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. ‘அந்தக் காலத்தில் ஒரு பருக்கை வீணாகாது’ என்று பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மைதான், வீணாகவில்லை. வீணாகாமல் பார்த்துக்கொள்ள, வேண்டாம் என்று சொல்ல முடியாத மனிதர்கள் புறவாசலில் நின்றிருந்தார்கள்.

1988இல் எங்கள் ஊர் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. அதன் பிறகு புறவாசலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஃப்ரிட்ஜ் வந்ததால் நாங்கள் கொடுக்கவில்லையா, அல்லது அவர்கள் வரவிரும்பவில்லையா என்று கேட்டால் இரண்டும்தான். முதலாவதைப் பற்றி வருந்துகிறவர்கள் பலர். இரண்டாவதைப் பற்றி மகிழ்ந்து எழுதியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. இப்போது மிச்சம் ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. முதல் நாள் கண்ணெதிரே இருக்கும். இரண்டாம் நாள் பின்னுக்கு நகரும். நான்காம் நாள் மூடியைத் திறந்து முகர்ந்து, வீட்டில் இரண்டு பேரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டு, குப்பைக்குப் போகும். நேரே குப்பையில் போட மனம் வராதவர்களுக்கு நான்கு நாள் அவகாசம் கொடுப்பதற்காகவே அந்தப் பெட்டியைப் பாதி வீடுகளில் ஓடவிட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் தன் மனைவியிடம் பேசுகிற ஒரு பாட்டு உண்டு. நூற்று அறுபத்து மூன்றாவது. குமணன் கொடுத்த செல்வத்தோடு வீட்டுக்கு வருகிறார். உன்னை விரும்பி வருபவர்களுக்கும், நீ விரும்புபவர்களுக்கும், நம் பசி தீரக் கடன் கொடுத்தவர்களுக்கும், இன்னாருக்கு என்று பார்க்காமல், என்னிடம் கேட்கக்கூடச் செய்யாமல் கொடு, சேர்த்துவைத்து வாழ்வோம் என்று எண்ணாதே என்கிறார். வறுமையில் கிடந்த வீடு அது. இதை வகுப்பில் கேட்டபோது புலவரின் பெருந்தன்மை என்று குறிப்பெடுத்துக்கொண்டேன். இப்போது படிக்கையில் என் கண்ணில் படுவது நேரம்தான். பொருள் வந்த அன்றே, தாங்கள் தின்று முடிப்பதற்கு முன்னரே அவர் இதைச் சொல்கிறார்.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையிலும் அப்படித்தான். தீபாவளி நேரத்தில் வீடுவாசலற்ற சிறுவன் ஒருவனை அந்த ஏழைத்தாய் உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அவனுக்கு உடுத்தக் கொடுப்பது பெட்டியின் அடியில் கிடந்த கந்தல் அல்ல. கணவனுக்கென்று பண்டிகைக்கு வாங்கிவைத்திருந்த துண்டு. அது மிச்சத்திலிருந்து எடுத்ததல்ல. அந்தக் கதையை முடிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அடுத்த நாள் நான் யாருக்காவது என்ன கொடுத்தேன் என்று பார்த்தால், பழைய சட்டை.

ஆகவே என் கட்சி இதுதான். கொடுப்பதென்றால் முதல் கரண்டியைக் கொடுக்கவேண்டும், நாம் உட்காருவதற்கு முன்பு, சூடாக. நம்மால் தின்னமுடியாததைக் கொடுப்பதற்குக் கொடை என்று பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. அது துப்புரவுப் பணி. மிச்சத்தை நாமே தின்னவேண்டும்.

‘நாமே’ என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்குள்ளும் ஓர் ஏமாற்று இருக்கிறது. ஊர் வீட்டில் புறவாசலுக்குப் போனது போக மீந்ததை யார் தின்றார்கள்? பெரியப்பாவின் இலையில் சுண்டக்கறி தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி, பெருமைக்காக விழும். அவருக்கு அன்று புதிதாக ரசமும் அப்பளமும் உண்டு. சட்டியின் பெரும்பகுதி அடுக்களைக்குள் இருந்தவர்களுக்கு. ஆச்சி, அம்மா, சித்தி, மதினி என்று வரிசையாக உட்கார்ந்து, இல்லை, பாதிப்பேர் நின்றுகொண்டே, மூன்று நாள் தின்று தீர்ப்பார்கள். பண்டிகையன்று ஆண்கள் முதல் பந்தி, பிள்ளைகள் இரண்டாம் பந்தி. பெண்கள் சாப்பிடும்போது மணி நான்காகியிருக்கும், அவியலில் தேங்காயும் கறிவேப்பிலையும்தான் கிடைக்கும். என் அம்மா பண்டிகைச் சாப்பாட்டைச் சூடாகத் தின்று நான் பார்த்ததே இல்லை. நாங்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருந்த நேரத்தில் அவள் என்ன தின்றாள் என்று பார்க்க உள்ளே போனதும் இல்லை. அளவுமீறித் தின்பது வீட்டில் சிலருக்கு மட்டும் வாய்த்த நகைச்சுவை.

இதையெல்லாம் ஒரு தீர்மானமாக மனதில் ஏற்றிக்கொண்டு நேற்று, மூன்றாம் நாள் மதியம், தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். அம்மா காஸ் அடுப்பில் சட்டியைச் சிறுதீயில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த அதே மண்சட்டி. எனக்கும் அதில்தான் சாப்பாடு என்றேன்.

“உனக்கு எதுக்கு இது? இரு, சூடா ரசம் வச்சுத் தாரேன்.”

“வேண்டாம்மா. இன்னைக்கு நான் இதைத்தான் சாப்பிடப்போறேன். நீ ரசம் சாப்பிடு.”

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சற்று நேரம் உற்றுப்பார்த்தாள். “வயித்துக்கு ஆகாதுய்யா, நேத்துதான கிடந்து புரண்ட” என்றாள். நான் விடவில்லை. கரண்டியை வாங்கி நானே பரிமாறிக்கொண்டேன். பழையதைப் பிழிந்து வைத்துக்கொண்டு தின்றேன். சொன்னேனே, அதற்கு ஈடில்லை. தியாகம் செய்ய உட்கார்ந்தவன் மூன்று முறை போட்டுக்கொண்டேன். கடைசியில், சட்டியின் அடியில் பற்றிக்கிடந்த காந்தலைச் சுரண்டக் கரண்டியை விட்டபோது அம்மா சட்டென்று எட்டி என் கையைப் பிடித்தாள். எண்பது வயதுக் கைக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“அது எனக்கு” என்று சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அறுபது வருசமா அது எனக்குத்தான்.”